எம்.டெக்., எம்.எஸ்., பி.எச்டி.: கையேட்டில் போட்ட வருஷமும் நிஜத்தில் ஆகிற வருஷமும்

பாளை_இயந்திரம் | 22 மார்ச் 2025

கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) முடிவு வந்துவிட்டது. மெக்கானிக்கல். ஐ.ஐ.டி.யில் எம்.டெக். 2 வருஷம், எம்.எஸ். (ஆராய்ச்சி) 3 வருஷம் என்கிறார்கள். உதவித்தொகை இரண்டுக்கும் மாதம் 12,400 தான். ஒரு வருஷம் கூடக் கொடுத்து அதே முதுநிலைப் பட்டத்தை வாங்குவதற்கு எம்.எஸ். எதற்கு? என் கணக்கில் அது வீண். பி.இ. முடித்ததும் நேராகச் சேர்கிற நேரடி பி.எச்டி. என்று வேறு ஒன்று இருக்கிறது. நண்பர்கள் அமெரிக்கா, ஜெர்மனி என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எது எத்தனை வருஷம், ஏன் அத்தனை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்டி77 | 22 மார்ச் 2025

தம்பி, வருஷத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பாகத்தான் முடிவெடுப்பாய். படிப்பு எப்போது முடியும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று முதலில் பார்.

எம்.டெக்.கில் தீர்மானிப்பது பருவ அட்டவணை. முதல் இரண்டு பருவம் பாடம், அடுத்த இரண்டு பருவம் புராஜெக்ட். நான்காவது பருவம் முடிகிற தேதிக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) வைத்தாக வேண்டும். முடிவு அரைகுறையாக வந்திருந்தாலும் கையில் இருப்பதை எழுதி, "இனி செய்ய வேண்டியவை" என்று ஓர் அத்தியாயம் சேர்த்து மேடையேறலாம். வகுப்பு மொத்தமும் ஒரே நாளில் வெளியே போகும். துறையே பின்னால் நின்று தள்ளும்.

எம்.எஸ்.ஸில் தீர்மானிப்பது ஆய்வேடு. பாடம் குறைவு, பெரும்பாலும் முதல் வருஷத்தோடு சரி. பிறகு முழுக்க ஆராய்ச்சி. வேலை போதும் என்று வழிகாட்டியும் குழுவும் சொன்ன பிறகுதான் எழுதவே முடியும். எழுதியது தேர்வாளருக்குப் போய், அறிக்கை வந்து, திருத்தி, அதன்பின் வைவா. இரண்டரை முதல் மூன்று வருஷம் என்பது இதனால்தான். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் இதே வகைப் படிப்புக்கு முன்பு எம்.எஸ்சி. (இன்ஜினியரிங்) என்று பெயர், இப்போது எம்.டெக். (ரிசர்ச்).

வீண் என்று சொல்லாதே. ஆராய்ச்சிப் பக்கம் போகிறவனுக்கு எம்.எஸ்.ஸில் கிடைக்கிற ஆய்வக நேரம் எம்.டெக்.கில் கிடைக்காது. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்.ஸில் சேர்ந்து, வேலை நன்றாகப் போனால் பி.எச்டி.க்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்படி மாறினால் அந்த "கூடுதல்" வருஷம் பி.எச்டி. கணக்கில் சேர்ந்துவிடும். நேராக வேலைக்குப் போவதுதான் திட்டம் என்றால் எம்.டெக். போதும். அதில் சந்தேகமே வேண்டாம்.

கிண்டி77 | 22 மார்ச் 2025 (இரவு)

பணக் கணக்கு விட்டுப்போனது. எம்.டெக். 12,400 என்பது 24 மாதத்துக்கு: 2,97,600. பி.இ. முடித்து கேட்டோடு நேரடி பி.எச்டி. சேர்ந்தால் 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதாவது 8,88,000. மூன்றாம் வருஷத்திலிருந்து 42,000. அதே இரண்டு வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. பி.எம்.ஆர்.எஃப். (பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் 70,000, மூன்றில் 75,000, நான்கிலும் ஐந்திலும் 80,000, ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு நிதி தனி.

பணத்துக்காக மட்டும் போகாதே. ஆனால் வருஷத்தைக் கணக்கிடுகிறவன் இதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

வேகம்_முக்கியம் | 23 மார்ச் 2025

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியிலேயே பி.எச்டி. குறைந்தது 3 வருஷம் என்றுதான் இருக்கிறது. உழைக்கிறவன் 3 வருஷத்தில் முடித்துவிடலாம். இழுத்தடிப்பது ஆட்களின் சோம்பல்.

உடைபுள்ளி | 23 மார்ச் 2025

சோம்பல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மெக்கானிக்கல் என்பதால் களைப்புச் சோதனையை (விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து மாதிரி எப்போது உடைகிறது என்று பார்ப்பது) எடுத்துக்கொள்வோம். உலோகத்தின் எஸ்-என் வரைவு (எந்த அழுத்தத்தில் எத்தனை சுழற்சி தாங்கும் என்ற வரைபடம்) வேண்டும் என்றால் குறைந்த அழுத்த நிலையில் மாதிரி 1 கோடி சுழற்சி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சர்வோ-ஹைட்ராலிக் இயந்திரத்தில் 20 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 1 கோடி சுழற்சிக்கு 5,00,000 வினாடி. அதாவது ஒரே மாதிரிக்கு 5 நாள் 19 மணி நேரம், இடைவிடாமல்.

5 அழுத்த நிலை, நிலைக்கு 3 மாதிரி என்றால் மொத்தம் 15. மேல் நிலைகளில் மாதிரி சீக்கிரம் உடையும். 50,000 சுழற்சியில் உடைகிற மாதிரிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கீழ் இரண்டு நிலையின் 6 மாதிரிதான் நேரத்தைத் தின்னும்: ஏறத்தாழ 35 நாள். இது ஒரே ஒரு வெப்பப் பதனிடலுக்கு. நான்கு பதனிடலை ஒப்பிடுவது ஆய்வேட்டின் தலைப்பு என்றால் 140 நாள். இயந்திரம் உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்றால்தான் இந்தக் கணக்கு. எந்த ஆய்வகத்திலும் அப்படி இருக்காது.

பிளாஸ்டிக், கூட்டுப்பொருள் என்றால் இன்னும் மோசம். 20 ஹெர்ட்ஸில் மாதிரி உள்ளே சூடேறி, அளப்பது களைப்பா வெப்பமா என்றே தெரியாமல் போகும். 5 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஒரு மாதிரிக்கு 23 நாள்.

கெட்டுப்போகிற இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். மாதிரியைக் கடைசியாக அச்சின் நீளவாக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கடைசல் போட்ட சுற்றுவாட்டுக் கீறல் மிஞ்சியிருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும், ஆயுள் குறைவாகக் காட்டும். பிடிப்பு நேர்க்கோட்டில் இல்லையென்றால் வளைவு விசை சேரும், மாதிரி பிடிப்புக்குள்ளேயே உடையும். அந்த முடிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நான்காம் நாள் இரவு மின்சாரம் போய் பம்பு நின்று, மறுபடி ஓடத் தொடங்கும்போது விசை ஒரு கணம் எகிறினால் அந்த மாதிரியையும் நம்ப முடியாது. உச்ச விசைக்கு வரம்பு போட்டு, வரம்பு தாண்டினால் தானாக நிற்கும்படி முதலிலேயே அமைத்திருக்க வேண்டும்.

இதில் சோம்பல் எங்கே வருகிறது?

களிமண் | 24 மார்ச் 2025

சிவில் கணக்கையும் போட்டுவிடுகிறேன். கான்கிரீட் நீடித்துழைப்பு ஆய்வு. 150 மி.மீ. கனசதுரம், சோதனை வயது 7, 28, 56, 90, 180, 365 நாள். வயதுக்கு 3 வீதம் ஒரு கலவைக்கு 18. 12 கலவை என்றால் 216. ஒன்று சுமார் 8 கிலோ. அழுத்த வலிமைக்கு மட்டுமே 1,700 கிலோவுக்கு மேல் கான்கிரீட். குளோரைடு ஊடுருவலுக்கு 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. தடிமன் வட்டுகள் தனி. அவற்றை 60 வோல்ட்டில் 6 மணி நேரம் வைத்து அளக்க வேண்டும்.

ஆய்வகத்தில் 18 அச்சு இருந்தால் இன்று வார்த்து நாளை கழற்றி, எண்ணெய் பூசி, மறுநாள்தான் அடுத்த கலவை. 365 நாள் எண்ணத் தொடங்குவது கடைசிக் கலவை வார்த்த நாளிலிருந்து. அதற்கு முன் சோதனைக் கலவைகளுக்கு இரண்டு மூன்று மாதம். ஆக, ஒன்றும் தப்பாமல் போனாலே கடைசி எண் கைக்கு வர பதினைந்து, பதினாறு மாதம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் பொருள் வாங்குவதில். பாதி வேலையில் சிமெண்ட் தீர்ந்து வேறு பேட்ச் வாங்கினால் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிட முடியாது. மொத்தமாக வாங்கி வைத்தாலும் மூட்டை மூன்று மாதம் தாண்டினால் வலு குறையும். அதனால் எல்லாக் கலவையையும் ஒரே பேட்ச் சிமெண்டில் சில வாரங்களுக்குள் வார்த்து முடிக்கிற மாதிரி அட்டவணை போட வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலும் அப்படியே. ஒரே நிலையத்திலிருந்து, ஒரே தடவையில்.

எம்.டெக். புராஜெக்டில் 365 நாள் என்று எழுதுகிறவரை நம்பாதீர்கள். 90 நாள் வரை செய்யலாம், அதற்கு மேல் நாள்காட்டி இடம் தராது.

கிண்டி77 | 24 மார்ச் 2025

வேகம்_முக்கியத்துக்கு: 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதியில் 3 வருஷம் என்பது குறைந்தபட்சம். அதற்கு முன் தர முடியாது என்பதற்கான கோடு. எதிர்ப்பக்கம் 6 வருஷம் என்று உச்சவரம்பு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, மொத்தம் 8. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2 வருஷம் உண்டு, மொத்தம் 10. பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை தனி. ஐ.ஐ.டி.களுக்கு அவரவர் செனட் வகுத்த விதி. அங்கே இந்த எண்களை அப்படியே பொருத்தாதீர்கள்.

இதில் யாரும் முதலில் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. உதவித்தொகை பொதுவாக 5 வருஷத்தோடு நின்றுவிடும். பதிவு 6 வருஷம், மறுபதிவோடு 8 வரை ஓடும். ஐந்தாம் வருஷம் முடியும்போது கையில் ஆய்வேடு இல்லாதவர் அதன்பின் சொந்தச் செலவில் இருக்கிறார். வேலைக்குப் போவார். போனபின் எழுதுகிற வேகம் பாதியாகும். ஏழு, எட்டு என்று நீளுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே நேரடி பி.எச்டி. எடுக்கிறவர் "எத்தனை வருஷம்" என்று கேட்கக் கூடாது. "இந்த வழிகாட்டியிடம் ஐந்து வருஷத்துக்குள் முடித்தவர்கள் எத்தனை பேர்" என்று கேட்க வேண்டும்.

பாளை_இயந்திரம் | 25 மார்ச் 2025

அதை எப்படி அண்ணே கேட்பது? நேர்முகத்தில் வழிகாட்டியிடமே கேட்டால் என்ன நினைப்பார்?

கிண்டி77 | 25 மார்ச் 2025

அவரிடம் கேட்கத் தேவையே இல்லை. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கின்றன. வழிகாட்டி பெயரைப் போட்டுத் தேடு. ஒவ்வொரு ஆய்வேட்டின் பக்கத்திலும் பதிவு செய்த நாள், முடித்த நாள், பட்டம் வழங்கிய நாள் என்று மூன்று கட்டம் இருக்கும். கழித்துப் பார். பதிவு நாள் பல இடங்களில் காலியாக இருக்கும். அப்போது பதிவெண்ணைப் பார்: பல பல்கலைக்கழகங்களில் அதன் முன் இலக்கங்களே சேர்ந்த ஆண்டு. அதுவும் இல்லையென்றால் அந்த ஆய்வாளரின் முதல் கட்டுரை வெளியான ஆண்டைப் பார்த்து அதற்கு முன் ஒன்றரை, இரண்டு வருஷம் வைத்துக்கொள்.

ஐந்தாறு ஆய்வேடு பார்த்தாலே போக்கு தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் எட்டு வருஷம் என்றால் அவர் சொந்தச் சூழ்நிலையாக இருக்கலாம். எல்லோரும் ஏழு என்றால் அது வழிகாட்டியின் பழக்கம்.

இன்னொன்றும் பார். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் எடுக்கலாம் என்பது யு.ஜி.சி. வரம்பு. எட்டும் நிரம்பிய இடத்தில் வாரம் ஒரு தடவை வழிகாட்டியோடு அரை மணி நேரம் உட்கார முடிகிறதா என்று அங்கே ஏற்கெனவே இருக்கிற மாணவரிடம் கேள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

ஹூஸ்டன்_வாசி | 27 மார்ச் 2025

அமெரிக்கக் கணக்கு. எம்.எஸ். பெரும்பாலும் 30 கிரெடிட். எஃப்-1 மாணவர் விசாவில் பருவத்துக்குக் குறைந்தது 9 கிரெடிட் எடுப்பது பொதுவான முழுநேரக் கணக்கு. ஆக ஒரு பருவத்தில் மட்டும் 12 எடுத்தால் மூன்று பருவத்தில், ஒன்றரை வருஷத்தில் முடித்துவிடலாம். ஆய்வேடு எடுத்தால் இரண்டு வருஷம், சில சமயம் கூட. எம்.இங். என்பது பாடம் மட்டும் உள்ள தொழில்முறைப் பட்டம். பல இடங்களில் ஒரே வருஷம். அதற்கு ஆராய்ச்சி உதவித்தொகை எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றரை வருஷமா இரண்டா என்று அலைவதை விட இதைக் கவனியுங்கள்: டிசம்பரில் முடித்தால் வேலை தேடுவது ஜனவரியில். நிறுவனங்களின் கோடைக்கால இன்டர்ன்ஷிப் ஒன்றுதான் இடையில் கிடைக்கும். அந்த ஒரு கோடையை விட்டால் வேறு கோடை இல்லை. படிப்பு முடிந்தபின் இப்போதைய விதிப்படி ஓ.பி.டி. (அதே விசாவில் அங்கே வேலை செய்ய அனுமதி) 12 மாதம், பொறியியலுக்கு நீட்டிப்பு 24 மாதம், மொத்தம் 36.

பி.எச்டி.க்கு அங்கே பி.இ.யோடு நேராகச் சேரலாம். ஐந்து முதல் ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் பாடமும் குவாலிஃபையர் (ஆராய்ச்சியைத் தொடரத் தகுதி பார்க்கும்) தேர்வும். தேறாவிட்டால் எம்.எஸ்.ஸோடு அனுப்பிவிடுவார்கள். கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் ஆராய்ச்சி உதவிப் பணியோடு வரும். ஆனால் அது பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து. திட்டம் மூன்றாம் வருஷம் முடிந்து அடுத்த நிதி வராவிட்டால் தலைப்பு மாறும். தலைப்பு மாறினால் ஒரு வருஷம் போச்சு. சேரும் முன் "என் இடத்துக்கு நிதி எந்தத் திட்டம், எப்போது முடிகிறது" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அங்கே அது சாதாரணக் கேள்வி.

ஆகன்_தமிழ் | 28 மார்ச் 2025

ஜெர்மனி எம்.எஸ்சி. 120 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியக் கிரெடிட்), தாளில் 4 பருவம். ஐந்து, ஆறு பருவம் ஆவது சகஜம், யாரும் அதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை. ஆய்வேடு 30 ஈ.சி.டி.எஸ். ஒரு ஈ.சி.டி.எஸ். 25 முதல் 30 மணி நேரம் என்பதால் 750 முதல் 900 மணி நேர வேலை. நிறுவனத்தில் செய்தால் இடம் தேடவே சில மாதம் ஆகும்.

நம்மவர்கள் மாட்டுவது தேர்வில். ஒரு பாடத்தைப் பொதுவாக மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றம். அதே துறையில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர்வது கடினம். பயந்து தேர்வைத் தள்ளிப் போடுகிறார்கள், பருவம் கூடுகிறது. தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம் என்பேன், ஒரு பருவம் போனாலும் பட்டம் மிஞ்சும்.

கிளம்புவதற்கே நேரம் ஒதுக்குங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுதான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ. பகுதிநேர வேலை வருஷத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம்.

டாக்டர்-இங். (ஜெர்மனியின் பொறியியல் முனைவர் பட்டம்) வேறு உலகம். பெரும்பாலும் மாணவராக அல்ல, பல்கலைக்கழக ஊழியராக, ஒப்பந்தச் சம்பளத்தில். நாலு, ஐந்து வருஷம், பொறியியலில் அதற்கு மேலும். பாதி நேரம் தொழிற்சாலைத் திட்டம், பயிற்சி வகுப்பு, அறிக்கை என்று போகும். அங்கே முடித்தவர் நேராகத் தொழில்துறையில் மேலாளராகப் போவதும் அந்த அனுபவத்தால்தான். அதை வீணான நேரமாக எண்ண மாட்டேன்.

பாளை_இயந்திரம் | 28 மார்ச் 2025

இங்கிலாந்தில் எம்.எஸ்சி. ஒரே வருஷம் என்கிறார்களே? அங்கே இங்.டி. என்று ஒரு பட்டமும் பார்த்தேன்.

ஆகன்_தமிழ் | 29 மார்ச் 2025

ஒரு வருஷம்தான், 180 கிரெடிட், கோடையில் ஆய்வேடு. ஆனால் இந்தியாவில் அரசு வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ திரும்புகிற எண்ணம் இருந்தால் கவனம். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க ஒப்பந்தம் போட்டன. அதில் பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் சேரவில்லை. "ஒப்பந்தம் வந்துவிட்டது, ஒரு வருஷ எம்.எஸ்சி. செல்லும்" என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்.டி. இரண்டு இடத்தில் இரண்டு பொருள். பிரிட்டனில் 4 வருஷம், பெரும்பகுதி நிறுவனத்திலேயே ஆராய்ச்சி, முனைவர் நிலை. நெதர்லாந்தில் 2 வருஷம், முதுநிலைக்குப் பிறகு, சம்பளத்தோடு வடிவமைப்புத் திட்டம். அங்கே 2022 வரை அதன் பெயர் பி.டி.இங். இரண்டு வருஷத்தில் டாக்டர் ஆகலாம் என்று யாராவது நெதர்லாந்தைக் காட்டினால் அது பி.எச்டி. அல்ல.

பேராதனை_ஆறு | 31 மார்ச் 2025

இலங்கைப் பக்கத்தையும் பதிந்து வைக்கிறேன், யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவை பிள்ளைகள் வாசிக்கக்கூடும். எங்கட தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு படி. பாடநெறி மட்டும் என்றால் 9ஆம் நிலை, 30 கிரெடிட், ஒரு வருஷம். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் நிலை, 60 கிரெடிட், இரண்டு வருஷம். எம்.ஃபில். 11, பி.எச்டி. 12. இந்தியாவில் எம்.ஃபில்.லை நிற்பாட்டிவிட்டார்கள், எங்கட பொறியியல் பீடங்களில் அது இன்னும் முழு ஆய்வுப் பட்டம், முழுநேரமாக இரண்டு வருஷம். வேலை செய்துகொண்டு படிக்கிற ஆட்கள் 9ஆம் நிலையில் ஒரு வருஷப் படிப்பை எடுத்துவிட்டு, பிறகு வெளிநாட்டு பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கும்போது "ஆய்வுப் பகுதி எங்கே" என்று கேட்டால் நிற்க வேண்டி வரும். வெளியே போகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே 10 அல்லது 11ஐ எடுங்கோ.

உடைபுள்ளி | 2 ஏப்ரல் 2025

ஆய்வேடு கொடுத்தபின் ஆகிற நேரத்தை யாரும் சொல்லவில்லை. கொடுத்த நாளிலிருந்து வைவா முடிவு வரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. தாமதம் வருவது வெளித் தேர்வாளர் பதில் போடாததால். பட்டியலில் பெயர் கொடுக்கும்போதே அவர் இன்னும் அதே இடத்தில் இருக்கிறாரா, மின்னஞ்சல் நடப்பில் உள்ளதா, உங்களோடு கட்டுரை எழுதியவர் இல்லைதானே என்று பாருங்கள். முதல் பெயர் மறுத்து, அடுத்த பெயருக்குக் கடிதம் போவதிலேயே வாரக்கணக்கில் கழியும்.

ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று பார்ப்பது) இன்னொன்று. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10 முதல் 40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. 60க்கு மேல் பதிவே ரத்து. செய்முறை அத்தியாயத்தில்தான் அளவு ஏறும், எல்லோரும் ஒரே தரநிலைச் சோதனையை ஒரே வாக்கியத்தில் எழுதுவதால். தொடர்ச்சியாக 14 வார்த்தை வரை பொருந்துவதைக் கழித்துவிடலாம் என்று விதி சொல்கிறது. நூலகத்தில் சோதிப்பவர் அந்த அமைப்பைப் போட்டுத்தான் ஓட்டுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாளை_இயந்திரம் | 4 ஏப்ரல் 2025

எம்.எஸ்.ஸுக்கும் நேரடி பி.எச்டி.க்கும் விண்ணப்பிக்கிறேன். எம்.டெக்.கையும் விட மனமில்லை. மூன்றையும் ஒன்றாக வைத்திருக்க முடியுமா? கல்லூரியில் ஆசிரியராகப் போவதும் ஓர் எண்ணம்.

கிண்டி77 | 4 ஏப்ரல் 2025

முடியும். எம்.டெக். அழைப்பு சி.ஓ.ஏ.பி. என்ற பொது அழைப்புத் தளத்தில் வரும். "ரீடெயின் அண்ட் வெயிட்" கொடுத்து இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றைப் பார்க்கலாம். "அக்செப்ட் அண்ட் ஃபிரீஸ்" கொடுத்தால் அந்தத் தளத்தில் அதோடு முடிந்தது. எம்.எஸ்., பி.எச்டி.க்கு அந்தந்த நிறுவனத்திலேயே தனி விண்ணப்பம், எழுத்துத் தேர்வு அல்லது நேர்முகம். கடைசித் தேதிகள் பல இடங்களில் எம்.டெக். சுற்றுக்கு முன்பே முடிந்துவிடும், இன்றே பார். கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும் என்பதால் இந்த வருஷம் நடக்காவிட்டாலும் அதே மதிப்பெண்ணோடு அடுத்த வருஷம் கேட்கலாம்.

ஆசிரியர் வேலைக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதியில் உதவிப் பேராசிரியருக்கு பி.இ., எம்.இ. இரண்டும், ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு என்றுதான் இருக்கிறது. எம்.எஸ். அதில் அடங்கும். பி.இ.யிலிருந்து நேராகப் பி.எச்டி. போனவரின் கையில் எம்.இ. இருக்காது. இடையில் முதுநிலைப் பட்டமும் சேர்த்துத் தருகிற திட்டமா, பாதியில் நின்றால் முதுநிலையோடு வெளியேற வழி உண்டா என்று அந்த நிறுவனத்தின் ஆர்டினன்ஸில் (படிப்பு விதித் தொகுப்பு) பார். இல்லையென்றால் எம்.எஸ்.ஸில் சேர்ந்து மாற்றிக்கொள்கிற வழி உனக்குப் பொருத்தம்.

நேர்முகத்துக்கு திண்மப் பொருள் இயக்கவியலும் நேரியல் இயற்கணிதமும் தரையிலிருந்து படித்துவிட்டுப் போ. மோர் வட்டத்தை (ஒரு புள்ளியில் உள்ள அழுத்தங்களைக் காட்டும் வரைபடம்) போடச் சொல்வதோடு நிற்க மாட்டார்கள், அது ஏன் வட்டமாக வருகிறது என்று கேட்பார்கள்.